தலைவர் பக்கம் திரும்பிய குழாய்

ஊராட்சித் தலைவர் பொன்னரசு காலையில் மைக்கைச் சோதிக்கிறேன் என்று கத்திய கத்தலில் நாலு குழாய் ஸ்பீக்கரில் மூன்றின் யூனிட் கருகிவிட்டது.

"ஓட்டை செட்டு! சாயங்காலம் என் பேச்சு ஊர் முழுக்கக் கேக்கணும். இல்லேன்னா உன் ஆம்ப்ளிஃபயரை மறந்துடு!"

சவுண்ட் செட் காத்தமுத்து மணியைப் பார்த்தான். புது யூனிட்டுக்கு மதுரை போய்வர நேரமில்லை. ஆம்ப்ளிஃபயர் போனால் பிழைப்பே போச்சு. மிச்சமிருந்த ஒற்றைக் குழாயைக் கூட்டத்துக்கு முதுகு காட்டி, தலைவரின் முகத்துக்கு நேரே கட்டினான்.

"இது எதுக்குடா?"

"உங்க குரல் எப்படி முழங்குதுன்னு நீங்களும் கேக்க வேணாமா, தலைவரே?"

தலைவர் முழங்கினார். கூட்டத்துக்கு வெறும் முணுமுணுப்புதான் வந்தது. வழக்கமாகப் பாதியில் கலைகிற ஜனம் அன்று அசையவில்லை.

"பாத்தியா, ஒருத்தர் எந்திரிக்கலே! செட்டுன்னா இதுடா. உன் ஆம்ப்ளிஃபயரை எடுத்துட்டுப் போ!"

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து கும்பிட்டாள். "தம்பி, அடுத்த கூட்டத்துக்கும் குழாயை அவரு பக்கமே திருப்பிக் கட்டுப்பா."