மூன்று சுடலைமுத்து, ஓர் இதயம்

டாக்டர் செண்பகவல்லியிடம் சீடராகச் சேர்ந்தபோது ஜெபராஜுக்குக் குருவைவிட வயது அதிகம். கம்ப்யூட்டர் அறிவு அதைவிட அதிகம். இதயத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. நெல்லைப் பக்கத்து இதய ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளிகளின் விவரங்களையும் இதயத்தை ஸ்கேன் செய்த எக்கோ படங்களையும் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் அந்த அம்மாளின் பொறுப்பில் இருந்தது. அதைச் சரிசெய்ய வந்த மனிதர், அவரிடம் தினம் ஒரு கேள்வி கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

அன்று கேள்வியோடு வரவில்லை. முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"மேடம், கூட்டத்தைப் பாதியாக் குறைச்சிட்டேன்."

"எந்தக் கூட்டத்தை?"

"நம்ம டேட்டாபேஸ்ல இருக்கிற கூட்டத்தைத்தான். அட்டையைத் தொலைச்சுட்டு வர்றவங்களுக்கெல்லாம் புது நம்பர் போட்டுக் குடுத்திருக்காங்க. ஒரே ஆள் நாலு ஆளா நிக்கிறாரு. பேரு, இனிஷியல், ஊரு, பிறந்த வருஷம், எல்லாம் ஒத்துப்போனா ஒரே ஆளாச் சேர்த்துடுன்னு நேத்து கம்ப்யூட்டர்கிட்ட சொன்னேன். சேர்த்துடுச்சு."

"என்கிட்ட சொல்லலையே?"

"உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்."

ஆச்சரியம் போனில் வந்தது. வார்டு டாக்டர் பேசினார்.

"எஸ். சுடலைமுத்துவுக்கு வால்வு ஆபரேஷன்னு முடிவு பண்ணியிருந்தோம் மேடம். கடைசி எக்கோவைப் பார்த்தா நல்லாவே இருக்கு. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். சரிதானே?"

செண்பகவல்லி படங்களைத் திறந்தார். வைகாசியில் எடுத்த படத்தில் வால்வு சுருங்கிப்போய், ரத்தம் வெளியே வர வழியில்லாமல் திணறியது. ஆடியில் எடுத்த படத்தில் வால்வு தாராளமாகத் திறந்து மூடியது.

"பார்த்தீங்களா மேடம், மருந்து என்னமா வேலை செஞ்சிருக்கு!" என்றார் ஜெபராஜ்.

"கிழிஞ்ச வேட்டி தன்னைத்தானே தைச்சுக்குமா, சார்?"

ஜெபராஜின் பற்கள் உள்ளே போயின.

"ஆடியில எடுத்தது வேற யாரோட படமோ. ஓடுங்க. அந்த மனுஷன் பஸ் ஏறுறதுக்குள்ள கூட்டிட்டு வாங்க. வீட்டுக்குப் போனா உயிரோட திரும்பி வருவாரான்னு சொல்ல முடியாது."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினார். கீழே கூடத்தில் நின்று, மூச்சு வாங்க, "எஸ். சுடலைமுத்து யாருங்க?" என்று கத்தினார்.

இரண்டு பெரியவர்கள் எழுந்தார்கள்.

"ஒருத்தர் வந்தாப் போதும்."

"ரெண்டு பேருமே எஸ். சுடலைமுத்துதான்," என்றார் முன்னால் நின்றவர். "எங்க தாத்தா பேரு. மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை விடணும்லா? எங்க அப்பா சுப்பையா, இவன் அப்பா சங்கரன்."

"பிறந்த வருஷமும் ஒண்ணா?"

"அதை யாரு கண்டா? ஒரே நாள்ல பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டாவ. வாத்தியார் எல்லாருக்கும் ஒரே வருஷத்தை எழுதிட்டாரு."

"ரெண்டு பேருக்கும் நெஞ்சுல கோளாறா?"

"எங்களுக்கு என்ன கேடு? துணைக்கு வந்தோம். ஆடியில வந்தப்ப, வந்தது வந்தோம்னு நாங்களும் படம் எடுத்துக்கிட்டோம். கோளாறெல்லாம் மூணாவது ஆளுக்குத்தான்."

"மூணாவது ஆளா?"

"சித்தப்பா சண்முகம் மவன். அவனும் எஸ். சுடலைமுத்துதான். சுகமாயிட்டுன்னு சொன்னாவளே, பஸ்ஸுக்குப் போயிட்டான். நாங்க மாத்திரை வாங்கத்தான் நிக்கோம்."

ஜெபராஜ் வாசலுக்குப் பறந்தார். கேட்டுக்குப் பக்கத்தில், இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"எனக்குச் சுகமாயிட்டாம் தம்பி," என்றார் அவர், விட்டு விட்டு. "இந்த மூச்சுக்குத்தான் யாரும் சொல்லலை போல."

ஜெபராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, வேறு யாரையும் தொடவிடாமல் தானே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

சாயங்காலத்துக்குள் மூன்று சுடலைமுத்துக்களையும் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நோயாளிக்கு மறுநாள் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. துணைக்கு வந்த இருவரும் கேன்டீனில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெபராஜ் குருவின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், சேர்த்ததையெல்லாம் பிரிக்கணும்னா ஒவ்வொருத்தர் படத்தையும் கண்ணால பார்க்கணும். மாசக்கணக்கா ஆகும்."

"ஆகும்."

"சேர்த்ததுல பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். தப்பு ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தை மட்டும் அப்படியே விட்டுடக் கூடாதா?"

செண்பகவல்லி 'டி. ஜெபராஜ், பாளையங்கோட்டை' என்று தட்டச்சு செய்து, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

ஒரே ஒரு ஜெபராஜ்தான் வந்தார். ஊழியர்களுக்கெல்லாம் எக்கோ எடுத்தபோது எடுத்த படம், அவருடையதேதான், மேலே இருந்தது. அதற்குக் கீழே, போன ஆவணியில் மாரடைப்பால் காலமானார் என்று இருந்தது.

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"மேடம்! நான் இங்கதானே நிக்கிறேன்?"

"டேட்டாபேஸ் அப்படிச் சொல்லலையே, சார். உட்காருங்க, அந்தக் கொஞ்சத்துல இருந்தே ஆரம்பிப்போம்."