சிலேட்டில் நாலு

பனிச்சிகரத்தின் அடியில் மலைக் காவலர்களுக்கு ஒரு கல் வீடு இருந்தது. சிகரம் ஏறப் போய் மாட்டிக்கொள்கிறவர்களைக் கீழே கொண்டுவருவது அவர்கள் வேலை. மலைக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் தங்கப்பழத்தின் வாயில் நுழையவில்லை. அவன் அதை வெள்ளைச்சி என்றே சொல்லிவந்தான். மலையும் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

தங்கப்பழத்துக்கு ஐம்பத்தொரு வயது. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். இருபது வருஷம் ராணுவத்தில் இருந்தவன். ஓய்வு பெற்று ஊருக்குப் போய், சும்மா இருந்து பார்த்தான். ஒத்துவரவில்லை. மலைக்கே திரும்பி வந்து, வேலை கற்றுக்கொடுங்கள் என்று நின்றான்.

கற்றுக்கொடுப்பவள் ஆங்மோ. மலையடிவாரத்தில் பிறந்தவள். வயது முப்பத்தாறு. வேலூரில் நர்சிங் படித்ததில் தமிழ் வந்திருந்தது. அவளிடம் வேலை கற்றவர்கள் எல்லோரும் அவளை அச்சே என்பார்கள். அவர்கள் பாஷையில் அக்கா. பதினைந்து வயது இளையவளை அக்கா என்று கூப்பிடத் தங்கப்பழத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. அவள் முதல் நாளே அவனை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது ஆள் ரிக்ஜின். அவன் பேசுவதே அபூர்வம்.

கதவருகே ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கியது. மீட்கக் கிளம்பும்போது அதில் ஓர் எண்ணை எழுத வேண்டும். வேலை முடிந்து வந்தபிறகுதான் அழிக்க வேண்டும். நடுவில் யாரும் தொடக் கூடாது. அது அங்கே வழக்கம்.

தங்கப்பழம் வந்த மூன்றாம் நாள், முதல் முகாமில் ஒருவர் மூச்சுத் திணறிப் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஆங்மோ சாக்பீஸை நீட்டினாள்.

"எழுதுங்க அண்ணே."

அவன் ஒன்று என்று எழுதினான்.

அவள் அதை முழங்கையால் துடைத்துவிட்டு நாலு என்று எழுதினாள்.

"மாட்டிக்கிட்டது ஒருத்தர்தானே மேடம்?"

"ஆமா."

"பொறவு?"

"போறது மூணு பேர்."

தங்கப்பழம் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். போகிறவனையும் சேர்த்து எண்ணுகிற வழக்கத்தை அவன் எங்கும் கண்டதில்லை. போகிறவன் வருவான். வராவிட்டால் பெயர் ஒரு நினைவுக் கல்லில் ஏறும். ஏதோ மலைக்காரர்களின் நம்பிக்கை போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

ஒரு மத்தியானம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் ஏறவில்லை. அடுப்பில் கெட்டில் இருந்தது. ஆங்மோ கயிற்றை விரல் விரலாகத் தடவி, எங்காவது நைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"மாட்டிக்கிட்டவனுக்காக நாம எவ்வளவு தூரம் போகலாம்?"

"ஏன் கேக்கறீங்க?"

அவன் சொன்னான். பதினோரு வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொல்லாதது. அவனும் செல்லையாவும் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள். எல்லையில் ஒரு பனிவெளியைக் கடக்கும்போது செல்லையா பனிவெடிப்பில் விழுந்துவிட்டான். ஆழம் நாற்பது அடி இருக்கும். நீளக் கயிறு பின்னால் வருகிறவர்களிடம் இருந்தது. "கையுறை போயிட்டுலே பழம், கை விறைக்கு" என்று உள்ளேயிருந்து செல்லையா சொன்னான். தங்கப்பழம் தன் கையுறைகளைக் கழற்றி உள்ளே போட்டான். அவை பாதி வழியில் ஒரு பனி விளிம்பில் தங்கிவிட்டன. இறங்கப் பார்த்தான். நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கயிறு வந்து சேர்ந்தபோது குரல் நின்றிருந்தது.

"அன்னைக்கு நான் குதிச்சிருக்கணும் அச்சே. அவங்களை உதறிட்டுக் குதிச்சிருக்கணும். அதான் கேக்கேன். எவ்வளவு தூரம் போகலாம்?"

ஆங்மோ கயிற்றைக் கீழே வைத்தாள்.

"தண்ணி கொதிக்குது அண்ணே. எறக்கி வைங்க."

அவன் இறக்கி வைத்தான். கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டான். அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை.

பத்து நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு ஒருவன் தள்ளாடிக்கொண்டே வந்து கதவைத் தட்டினான். இவனும் நண்பனுமாக ஏறியிருக்கிறார்கள். மேற்குச் சரிவில் நண்பனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. நண்பனின் பெயர் பார்கவ். நாக்பூர்க்காரன், இருபத்தாறு வயது. அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னைக்கு நான் முதல்ல போறேன்" என்றான் தங்கப்பழம்.

கயிற்றில் முதலில் போவது பெரிய பொறுப்பு. சரிவில் அவன்தான் தனியாக முன்னே ஏற வேண்டும். மேலே பனியில் இரும்புத் திருகாணிகளை இறக்கிக் கயிற்றைக் கட்ட வேண்டும். அதைப் பிடித்து மற்றவர்கள் வருவார்கள். இரண்டாவது ஆள் முதுகில் ஒரு சிவப்புப் பை இருக்கும். மாட்டிக்கொண்டவருக்குத் தேவையானது எல்லாம் அதில் இருக்கும். அன்று காலை அந்தப் பையைக் கட்டியதும் தங்கப்பழம்தான்.

ஆங்மோ அவனைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். சிலேட்டில் நாலு என்று எழுதிவிட்டுக் கிளம்பினார்கள்.

கடைசிச் சரிவை அவன் நன்றாகவே ஏறினான். அந்த வயதில் அப்படி ஏறியதை ரிக்ஜின்கூடப் பிறகு பாராட்டினான். மேலே பார்கவ் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கைகள் வெறுமையாக இருந்தன. கையுறைகளைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"கை விறைக்கிறது" என்றான் பார்கவ், இந்தியில்.

தங்கப்பழம் யோசிக்கவில்லை. தன் கையுறைகளைக் கழற்றினான். அவன் கைகளில் மாட்டி, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினான். பையன் அழுதான். தங்கப்பழத்துக்கும் கண்ணில் நீர் வந்தது. பதினோரு வருஷத்தில் அன்றுதான் அவன் நெஞ்சு லேசாக இருந்தது.

பிறகு வெறுங்கையால் திருகாணிகளை இறக்கினான். இரும்பு தோலைப் பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுத்தான். கயிற்றைக் கட்டினான். ஆங்மோவும் ரிக்ஜினும் வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. கைகளை அவன் ஜாக்கெட் பைக்குள் விட்டு மறைத்திருந்தான்.

பார்கவை ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்க ஆரம்பித்தார்கள். ஸ்ட்ரெச்சரைத் தாங்கும் கயிறு தங்கப்பழத்தின் கையில் இருந்தது. கயிறு கைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. திடீரென்று அது ஓடியது. ஸ்ட்ரெச்சர் இரண்டு ஆள் உயரம் சறுக்கியது. ஆங்மோ தன் மேல் கட்டியிருந்த இரண்டாவது கயிற்றில் அதைத் தாங்கிப் பிடித்தாள்.

அவள் திட்டவில்லை. ஸ்ட்ரெச்சரைப் பாறையோடு சேர்த்துக் கட்டினாள். ரிக்ஜின் தன் சட்டையைத் திறந்து, தங்கப்பழத்தின் இரண்டு கைகளையும் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஐஸ் கட்டியை வைத்தது போல் இருந்திருக்கும், முனகக்கூட இல்லை. விரல்களில் வலி திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. பிறகு ஆங்மோ ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாள். அந்த நாற்பது நிமிஷமும் பார்கவ் காற்றில் அசையாமல் கிடந்தான்.

மாலைக்குள் எல்லோரும் கீழே வந்துவிட்டார்கள். ஆங்மோ சிலேட்டைத் துடைத்தாள்.

பார்கவ் பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் அம்மா போன் செய்து, தங்கப்பழத்தின் குலமே நன்றாயிருக்க வேண்டும் என்று அழுதாள். தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்த வீரர் என்று பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது என்று ஊரிலிருந்து மனைவி சொன்னாள். குரலில் பெருமை இருந்தது. பார்கவுக்கு இடது காலில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று என்று பிறகு செய்தி வந்தது. பாவம், சின்னப் பையன் என்றான் தங்கப்பழம்.

ஆங்மோ மட்டும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த அழைப்பு வந்தபோது கீழ் ஊரிலிருந்து வேறொருவனைக் கூப்பிட்டுக்கொண்டாள். அதற்கடுத்த அழைப்புக்கும் அப்படியே. தங்கப்பழம் கல் வீட்டிலேயே இருந்து, திரும்பி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தான். அவன் கைவிரல்கள் ஆறியபிறகும் அதே கதைதான். ஊருக்கு அனுப்பிவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு வந்துவிட்டது. ஊரில் அவனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரு காலை அவனே கேட்டான்.

"என்னைய கயித்துல சேக்க மாட்டீங்களா அச்சே?"

அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? சொல்லிருங்க. சொல்லாம வச்சிருக்கதுதான் தாங்க முடியல."

ஆங்மோ எழுந்துபோய்ச் சிவப்புப் பையை எடுத்துவந்தாள். மேஜைமேல் வைத்தாள்.

"இதை அன்னைக்கு யாரு கட்டினது?"

"நாந்தான்."

"உள்ள என்ன வச்சீங்க?"

"தொப்பி. காலுறை. பிளாஸ்க்கு." அவன் நிறுத்தினான். "கையுறை."

"நான் மேல வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி நேரம்."

"அது வரைக்கும் அவர் கைய எங்க வைக்கச் சொல்லணும்?"

"அவர் கக்கத்துலயே."

"சொல்லிக் குடுத்திருந்தேனா?"

"முதல் வாரமே சொல்லிக் குடுத்தீங்க."

"அப்ப அந்தக் கையுறைய யாருக்குப் போட்டீங்க அண்ணே?"

பார்கவுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பையனின் முகத்தை நினைத்துப் பார்த்தான். வரவில்லை. மூக்கு எப்படி இருந்தது, தாடி இருந்ததா இல்லையா, ஒன்றும் நினைவில்லை. கை விறைக்கிறது என்று அவன் இந்தியில் சொன்னது மட்டும், காதில் தெற்கத்தித் தமிழில்தான் இருந்தது.

"அந்த மூணு வெரலு..." என்றான்.

"நாப்பது நிமிஷம்" என்றாள் ஆங்மோ. இல்லை என்று மறுக்கவில்லை.

தங்கப்பழம் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான். ஐம்பத்தொரு வயதுக்காரன் வாய்விட்டு அழுவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ரிக்ஜின் வெளியே போய், காலையில் பனியை அள்ளித் துப்புரவாக்கிய வாசலை இன்னொரு தடவை அள்ளினான். ஆங்மோ போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தாள். அவன் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் பார்கவுக்கு ஒரு கடிதம் எழுதினான். விரல்கள் ஏன் போயின என்பதை அதில் மறைக்காமல் எழுதினான். ரிக்ஜின் அதைக் கீழ் ஊருக்குக் கொண்டுபோனான்.

நாலாம் நாள் காலையில் அழைப்பு வந்தது. கிழக்குச் சரிவில் இரண்டு பேர், கணவனும் மனைவியும். இறங்க வழி தெரியாமல் ஒரு பாறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆங்மோ கீழ் ஊருக்கு ஆள் அனுப்பவில்லை. சாக்பீஸை எடுத்துத் தங்கப்பழத்திடம் நீட்டினாள்.

அவன் உதடு அசைய எண்ணினான். ஐந்து என்று எழுதினான். பிறகு கையுறைகளை மாட்டி, ஒவ்வொன்றின் வாரையும் பல்லால் கடித்து இறுக்கினான். ரிக்ஜின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினான்.

ஆங்மோ சிலேட்டைப் பார்த்தாள்.

"அஞ்சுதானா அண்ணே?"

"அஞ்சுதான் அச்சே. அவங்க ரெண்டு. நாம மூணு."

ஆனாலும் அவன் நிலைப்படியில் நின்றான். யாரையோ விட்டுவிட்டுப் போகிறவனைப் போலத் திரும்பி உள்ளே பார்த்தான். அடுப்பில் காலிக் கெட்டில் இருந்தது. பக்கத்தில் அவன் உட்காரும் முக்காலி இருந்தது.

ஆங்மோவும் அங்கே பார்த்தாள். சிவப்புப் பையை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

"செல்லையா இங்கயே இருக்கட்டும் அண்ணே. வர்ற அஞ்சு பேருக்கும் தண்ணி கொதிக்க வைக்க ஒரு ஆள் வேணும்."