நூறு டிகிரியில் அணைகிற பெட்டி

"இந்த வேலை எனக்கு வருமா, வராதா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க" என்று கேட்டார் செங்கோடன்.

சுகந்தி ஸ்குரூ டிரைவரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

செங்கோடனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். முதுகெலும்பு தேய்ந்துபோய், இனி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுகந்தி அவருக்கு ரொம்பவே இளையவள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். அங்கேதான் அவர் வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

லாரியில் கிளீனர்கள் அவரை வாத்தியாரே என்று கூப்பிடுவார்கள். அவர் இவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். நாளாவட்டத்தில் கேலி போய்விட்டது, பேர் நின்றுவிட்டது.

அவள் பாடம் நடத்துகிற விதம் அவருக்கு எரிச்சலாக இருக்கும். கேட்டால் சொல்லமாட்டாள்.

சேர்ந்த புதிதில், பெட்டிக்குள் ராம் என்று ஒரு நினைவக அட்டையைச் சொல்கிறார்களே, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். கழற்றிவிட்டு ஆன் பண்ணிப் பாருங்கள் என்றாள். கழற்றினார். சுவிட்சைப் போட்டார். திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டி மட்டும் பீப், பீப் என்று கத்தியது.

"என்னமோ சொல்லுதுங்க."

"உங்ககிட்டத்தாண்ணா சொல்லுது. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

இதற்குப் பெயர் பாடமா என்று அன்று வீட்டில் புலம்பித் தீர்த்தார். ஆனாலும் மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வந்து படியில் நின்றார். மனிதர் அப்படி.

இப்போது அவர் முன்னால் இருந்தது ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர். படத்தை வெட்டி ஒட்ட ரொம்ப நேரம் பிடிக்கிறது என்று கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரின் மூளையான பழைய பிராசஸரை எடுத்துவிட்டு வேகமான புதியதைப் போடவேண்டும். அது அதிகம் சூடாகும். அதனால் அதன் தலைமேல் உட்காருகிற, ஃபேன் வைத்த கூலரையும் பெரிதாக மாற்றவேண்டும். சுகந்தி கை வைக்காமல் முழுவதையும் அவரிடமே விட்டிருந்தாள். அவர் தனியாகச் செய்கிற முதல் வேலை இது.

மாற்றிவிட்டார். பெட்டி உயிர் பெற்றது. சோதனைக்கு ஒரு வீடியோவை ஓடவிட்டார். திரையின் ஓரத்தில் பிராசஸரின் சூடு எண்ணாக ஏறியது. எழுபது. தொண்ணூறு. நூறு.

சூடு தாங்காமல் பெட்டி பட்டென்று அணைந்துவிட்டது.

அன்று பார்த்தா இப்படி ஆகவேண்டும்? அவர் மனைவியின் அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். மத்தியானம் போன் செய்வேன், வருகிறாயா இல்லையா என்று முடிவாகச் சொல்லிவிடு என்றிருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வேலை. நல்ல வேலைதான். ஆனால் இந்தியா முழுக்கச் சுற்றி வந்த மனிதருக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே கசந்தது. வேண்டாம் என்று சொல்ல ஆசை. ஒரு பெட்டியை அணையாமல் ஓடவைக்கத் தெரியாதவன் எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது?

அதனால்தான், இந்த வேலை வருமா வராதா என்ற அந்தக் கேள்வி.

பதில் கிடைக்காது என்று தெரிந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டார்.

கூலரைக் கழற்றினார். அதன் அடிப்பக்கம் செம்பு. பிராசஸரின் சூட்டை அந்தச் செம்புதான் வாங்கி மேலே உள்ள தகடுகளுக்கு அனுப்பவேண்டும். சூடு எளிதில் கடக்க, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பசை தடவுவார்கள். பழைய பசையைத் துணியால் துடைத்தார். செம்பு பளபளவென்று மின்னும்வரை துடைத்தார். புதுப் பசை வைத்து, ஸ்குரூக்களை இறுக்கி, ஆன் செய்தார்.

நூறு. அணைந்தது.

மறுபடி கழற்றினார். மறுபடி துடைத்தார். பசையைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அணைந்தது.

விடவில்லை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிப்போட்டார். கடையின் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராகத் திருப்பினார். சுகந்தியின் மேசையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. அவை மேலும் பறக்காமல் இருக்க, அவள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேலே வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பிரிண்டர் பாதி பிரிந்து கிடந்தது.

இந்தத் தடவையும் அணைந்தது.

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோபப்பட்டார். சூட்டை அளந்து காட்டுகிற மதர்போர்டு பொய் சொல்கிறது என்றார். ஃபேன் சுற்றுகிறது, ஸ்குரூ இறுக்கமாக இருக்கிறது, பசை புதுசு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், சூடே இல்லாத இடத்தில் நூறு என்று காட்டினால் நான் என்ன செய்வேன் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அந்தக் கூலர்ல இருந்து வர்ற காத்து எப்படி வருது தெரியுங்களா? ஏசி மாதிரி சில்லுன்னு வருது."

இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

சுகந்தி முதல் தடவையாகத் தலையைத் திருப்பினாள்.

எழுந்து வந்தாள். டேபிள் ஃபேனை நிறுத்தினாள். பெட்டியை ஆன் செய்து, அந்த வீடியோவை ஓடவிட்டாள். கூலரின் தகடுகளைக் கண்ணால் காட்டினாள்.

"கைய வைங்கண்ணா."

ஓரத்தில், ஃபேன் படாத இடத்தில் வைத்தார்.

திரையில் எழுபது.

"எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்குதுங்க."

தொண்ணூறு.

"இப்ப?"

"இப்பவும் சில்லுன்னுதான்."

நூறு. அணைந்தது.

சுகந்தி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பிரிண்டரின் அடுத்த ஸ்குரூவைத் திருக ஆரம்பித்தாள்.

செங்கோடன் கையை எடுக்கவில்லை. முதலில் அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. இதைத்தானே நானும் சொன்னேன், இதில் கையை வைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? ஆத்திரம் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கை மட்டும் அந்தத் தகட்டின் மேலேயே இருந்தது.

ஏறு மேட்டில் இன்ஜின் கொதித்து ஒரு வண்டி நிற்கிறது. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் பச்சைத் தண்ணீராக இருக்கிறது. அந்த டிரைவர், ரேடியேட்டர் அருமையாக வேலை செய்கிறது பார் என்று சொன்னால், செங்கோடன் அவனை என்ன சொல்லித் திட்டியிருப்பார்?

கையை எடுத்தார்.

"வாத்தியாரம்மா, இது சுடணுமுங்க."

"ம்."

"சுடாம இருக்கறதுதான் கோளாறு."

அவள் நிமிரவில்லை.

கூலரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். வழக்கப்படி கை துணிக்குப் போயிற்று. நிறுத்திக்கொண்டார். பசைக்கு ஓரமாகத் தெரிந்த செம்பைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். செம்பில் நகம் கீறுகிற சத்தம் வரவில்லை. இன்னும் ஓரத்துக்குப் போனார். அங்கே ஏதோ ஒன்று வெங்காயத் தோல் போல மெல்ல எழும்பியது.

பிளாஸ்டிக் தாள். கண்ணாடி போலத் தெளிவான தாள். வழியில் செம்பில் கீறல் விழாமல் இருக்க, கூலர் செய்தவர்கள் ஒட்டி அனுப்பியது. பொருத்துவதற்கு முன் உரித்துப் போட்டிருக்கவேண்டும். இத்தனை நேரம் அவர் துடைத்துத் துடைத்து மின்ன வைத்தது அந்தத் தாளைத்தான். செம்பு அதற்குப் பின்னால் இருந்து மின்னியிருக்கிறது. சூடு மட்டும் அதைத் தாண்டி மேலே வரமுடியாமல் நின்றிருக்கிறது.

உரித்தார்.

துடைத்தார். பசை வைத்தார். இறுக்கினார். சுவிட்சைப் போட்டார்.

நாற்பது. ஐம்பது. அறுபது. அறுபத்திரண்டில் நின்றது. நின்றது நின்றதுதான். திரையில் யாரோ ஒரு பெண்ணுக்கு யாரோ ஒருவன் தாலி கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு விழுந்து, அட்சதை விழுந்து, எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெட்டி அணையவில்லை.

செங்கோடன் தகட்டைத் தொட்டார். நன்றாகவே கதகதத்தது. உள்ளங்கையை அங்கேயே வைத்துக்கொண்டு சிரித்தார். சத்தம் போட்டுச் சிரிக்கத்தான் ஆசை, அடக்கிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. மனைவியின் அண்ணன்.

எடுக்காமல், அடிக்கிற போனைக் கையில் பிடித்தபடியே சுகந்தியின் மேசைக்கு வந்தார்.

"அங்க தாள் இருக்குதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமில்லீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

"எனக்குத் தெரியாதுண்ணா."

விளையாடுகிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை.

"தெரியாமயா கைய வைக்கச் சொன்னீங்க?"

"தெரிஞ்சிருந்தா எதுக்குண்ணா கைய வைக்கச் சொல்றேன்?"

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"நான் வரலீங்க மச்சான்" என்றார்.