இஞ்ஞாசி சுக்கான் பிடித்த முதல் நாள்

எங்கள் தெற்குத் தெருக்காரர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் மானம் போகும். மாதா திருவிழாவில் வடக்குத் தெருவுக்கும் எங்களுக்கும் கடலில் பாய்மர வள்ளப் போட்டி. தோற்ற தெருக்காரன் ஜெயித்த தெருவின் அசன விருந்துக்குச் சோறு பொங்கிய அண்டாக்களைக் கழுவ வேண்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நாங்கள்தான் கழுவுகிறோம். எங்கள் தெருவில் பொண்ணு எடுக்க வருகிறவர்கள்கூட, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்பதற்கு முன்னால், ‘உங்க ஆளுவ பாத்திரம் நல்லாக் கழுவுவாகளாமே’ என்று கேட்டுவிடுகிறார்கள்.

இந்த வருஷம் அதற்கும் மேலே ஒரு சனியன். எங்கள் சுக்கான்காரன் சிலுவையின் வலது கையில் கெளுத்தி முள் குத்தி, கை பன் மாதிரி பொங்கிவிட்டது. மத்தியானம் போட்டி. காலையில் தெக்லா அக்கா டீக்கடையில் எல்லோரும் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். வள்ளத்தின் சொந்தக்காரர் வியாகுலம் அண்ணாச்சி யாரோடும் பேசாமல் பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் இஞ்ஞாசி வந்தான். அரபு நாட்டில் ஏதோ துறைமுகத்தில் படகு கழுவும் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் ஊர் திரும்பியவன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அண்ணாச்சி, சுக்கானை எங்கிட்ட குடுங்க. உலக ரேஸ்லயே பிடிச்ச கை இது” என்றான்.

“நீ கழுவுன கைல்லாலே?” என்றான் தொம்மை. எங்கள் வள்ளத்தில் பாய்க்கயிறு பிடிப்பவன். எதையும் நம்பமாட்டான், அவன் பொண்டாட்டி உலை கொதித்துவிட்டது என்றால்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

“கழுவினவன்தான். கேளு. துறைமுகத்துல பெரிய ரேஸ். ஆப்பிரிக்கா முனை வரைக்கும் பாயிலேயே போவணும். எங்க கேப்டன் ஒரு டச்சுக்காரத் தொரை. புறப்படுத அன்னைக்குக் காலையில அவருக்கு ஒரு ஆளு குறையுது. நான் போட்டுக்கு அடியில பாசி சுரண்டிக்கிட்டு இருக்கேன். சுரண்டுத அழகைப் பாத்துட்டு, ‘மிஸ்டர் இஞ்ஞாசி, நீதான் சுக்கான்’னுட்டாரு.”

“பாசி சுரண்டுனதுக்கா?”

“தொம்மை, பெரியவங்க பேசும்போது குறுக்க விழாத. வெடி வெடிச்சதும் எல்லா போட்டும் புறப்படணும். வெடிக்கப் போற நேரத்துலதான் எனக்கு நினைப்பு வந்துச்சு. நம்ம ஊர்ல வள்ளம் கடலுக்குப் போனா முதல்ல என்ன செய்வோம்?”

“அணியத்தைக் கோயிலைப் பாத்துத் திருப்பி, தண்ணி தெளிச்சு, சிலுவை போடுவோம்” என்றேன் நான். வள்ளத்தின் முன்மூக்கைத்தான் அணியம் என்போம். அதைத் திருப்பாமல் எங்கள் ஊரில் எவனும் பாய் விரிக்கமாட்டான்.

“அதான். நான் திருப்பிட்டேன்.”

“அங்க ஏதுலே கோயில்?”

“அங்க இல்ல. நம்ம மாதா கோயிலைப் பாத்து. கிழக்கே பாத்து. தொரை கத்துதாரு, ‘எங்கலே திருப்புத?’ன்னு. நான் சொன்னேன், ‘தொரை, மாதாவைக் கும்பிடாம நான் போவ மாட்டேன், வேணும்னா நீரு இறங்கிக்கிடும்.’ அந்த நேரம் பாத்து வெடி வெடிச்சிட்டு. அந்த நேரம் பாத்துக் காத்தும் வந்துட்டு. எல்லா போட்டும் அந்தப் பக்கம் போவுது. நாங்க இந்தப் பக்கம் போறோம்.”

வியாகுலம் அண்ணாச்சியின் ஊசி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடியும் தைக்கத் தொடங்கினார்.

“திருப்பியிருக்கலாம்லா?” என்றான் சிலுவை, பொங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு.

“எங்க திருப்ப? அது காத்தா அது! மேல பறந்த கடல்காக்காவுக்கு இறகெல்லாம் உதிந்து உரிச்ச கோழியாப் போவுது. அடிச்ச அடியில பாய் ரெண்டாக் கிழிஞ்சு போச்சு. நான் யோசிக்கல. இடுப்புல கட்டியிருந்த சாரத்தை அவுத்தேன், மரத்துல கட்டினேன். பழைய பாயைவிட அதுல வேகம் கூடிட்டு.”

“அப்போ நீ?” என்றாள் தெக்லா அக்கா.

“அந்த வேகத்துல யாருக்கு என்ன தெரியும், அக்கா? உன் கடையைத் தாண்டித்தான போனோம். ‘அக்கா, ஒரு டீ’ன்னு கத்துனேன். நீ ஆத்தி முடிக்கதுக்குள்ள அந்தமான் வந்துட்டு.”

“அதான் அன்னைக்கு ஒரு டீ மிஞ்சிச்சா!” என்றாள் அக்கா. “நாய்க்கு ஊத்திட்டேன். அது அன்னையில இருந்து பொய்யாக் குரைக்கு.”

கடையே சிரித்தது. வேறு ஒருவனாக இருந்தால் எழுந்து போயிருப்பான். இஞ்ஞாசி எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு தொடர்ந்தான்.

“அந்தமான் தாண்டினா நடுக்கடல்ல ஒரு திமிங்கலம். நம்ம ஊரு அகலம். வழியை அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. தொரை இங்கிலீஷ்ல ‘ப்ளீஸ்’னு சொல்லிப் பாத்தாரு, அசையல. நான் நம்ம தெரு வார்த்தை ஒண்ணை எடுத்து விட்டேன். காதைப் பொத்திக்கிட்டு முங்கிட்டு.”

“திமிங்கலத்துக்குக் கை ஏதுலே பொத்துறதுக்கு?” என்றான் தொம்மை.

“பொத்த முடியலன்னுதான முங்கிச்சு!”

தொம்மை தன் வடையை எடுத்து இஞ்ஞாசி கையில் வைத்தான். தொம்மையைப் பேச்சில் நிறுத்தியவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

“அப்புறம் சூரியன். நாங்க கிழக்க போற வேகத்துல அது தலைக்கு மேல பின்னால ஓடிட்டு, சுத்தி வந்து மறுபடியும் முன்னால உதிக்குது. ஒரே நாள்ல ரெண்டு தடவை காலைச் சாப்பாடு. சமையக்காரன் அழுதுட்டான். அதுக்குள்ள அமெரிக்கா குறுக்க வந்துட்டு. அங்க ஒரு கால்வாய் இருக்குல்லா, பனாமா? கேட் போட்டிருந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் கப்பலா நிக்கு, ஹாரன் அடிச்சுக்கிட்டு. ‘தொரை, கெட்டியாப் பிடிச்சுக்கிடும்’னேன். ஒரே தாவு.”

“தாண்டிட்டியா?”

“சாரத்தோட ஓரம் மட்டும் கேட்டுல மாட்டிக் கிழிஞ்சிட்டு. இன்னும் அங்க தொங்கும். நீலக் கட்டம் போட்டது. போனா பாரு.”

“சரிலே” என்றான் சிலுவை. “ரேஸ் என்னாச்சு?”

“என்னாச்சா? சாயங்காலம் ஆப்பிரிக்கா முனைக்குப் பின்பக்கமா வந்து முடிவுக் கோட்டைத் தொட்டாச்சு. முதல் நாளே! கோட்டுக்காரன் அப்பத்தான் நாற்காலி விரிச்சுக்கிட்டு இருக்கான். நின்ன வேகத்துல கொஞ்சம் வழுக்கிட்டு. அப்படியே ஏறிப் போனா, காலையில புறப்பட்ட துறைமுகம். மத்தவனுவ இன்னும் அதோட வாசல்லயே நிக்கானுவ. எங்களைப் பாத்து, ‘நீங்க இன்னும் புறப்படலையா’ன்னு கேக்கானுவ!”

“அப்போ கப்பு?”

இஞ்ஞாசி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். “தரல. எதிர்த்தாப்புல வந்து ஜெயிச்சா சட்டத்துல இடமில்லையாம். தொரை என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, அன்னைக்குச் சாயங்காலமே கரையில இறக்கி விட்டுட்டாரு. பாசம் தாங்கல அவருக்கு.”

வியாகுலம் அண்ணாச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: “சிலுவை இடது கையால சுக்கான் பிடிக்கட்டும். இஞ்ஞாசி, நீயும் வள்ளத்துல ஏறு.”

இஞ்ஞாசிக்கு நெஞ்சு ஒரு முழம் புடைத்தது. “எனக்கு என்ன வேலை, அண்ணாச்சி?”

“காத்து விழுந்துட்டுன்னா பாய்க்கு நேரா உக்காந்து, இந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லு.”

இனிமேல் சொல்வதுதான் நடந்த உண்மை. நானே வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன், கண்ணால் பார்த்தவன்.

கோயிலைப் பார்த்துத் திருப்பிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் காற்று செத்துவிட்டது. வடக்குத் தெரு வள்ளம் எங்களுக்கு நாலு பாகத் தூரம் முன்னால் பொம்மை மாதிரி நிற்கிறது. அண்ணாச்சி கண்ணைக் காட்டினார். இஞ்ஞாசி பாய்க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “புறப்படுத அன்னைக்குக் காலையில” என்று ஆரம்பித்தான். பாய் லேசாக அசைந்தது. அந்தமான் வந்தபோது பாய் உப்பி மரம் முனகியது. திமிங்கலம் வருவதற்குள் வடக்குத் தெரு வள்ளத்தைத் தாண்டிவிட்டோம். பனாமா வந்தபோது நாங்கள் கடலிலேயே இல்லை. மணலில் ஏறி, கொடிமரத்தைச் சுற்றி, கோயில் மணியில் அணியம் ‘டங்’கென்று மோதித்தான் வள்ளம் நின்றது. சாமியார் பூசை மணி என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்.

“ரெண்டு தடவை மோதிச்சு” என்றான் இஞ்ஞாசி, பக்கத்து அண்டாவுக்குள்ளிருந்து தலையை நீட்டி.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த வடக்குத் தெரு சமையல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பிடி சாம்பலை என் அண்டாவுக்குள் போட்டார்.

“எல்லாம் சரிதான் தம்பி. அடிப்பிடிச்சது இன்னும் போவல. நல்லா அழுத்தித் தேய்.”