ஆவுடையம்மாள் கேட்கவில்லை

நீ சொன்னது பொய்.

"ஒருத்தருக்கும் பத்து பைசா பாக்கி இல்லை" என்று போன முகூர்த்தத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எதிர் வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். எதிர் வரிசையில்தான் நான் இருந்தேன். அடுத்தவர் வீட்டுச் சோற்றின் முன்னால் சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது கை கழுவியாயிற்று. ஒரு கதை சொல்கிறேன். முடிகிற வரை குறுக்கே பேசாதே.

சங்கரன்கோவிலில் ஜெசிந்தா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது. வீட்டுப் பின்கட்டில் ஓவன் வைத்து, கேக்கும் ரஸ்க்கும் போடக் கற்றுக்கொடுப்பார். அவரிடம் தொழில் படித்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள், மந்திரமூர்த்தி ஒருவரைத் தவிர. மந்திரமூர்த்தி டீச்சரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பாத்திரக்கடை வைத்து நொடித்துப்போய், கடனோடு வந்தவர். முதல் நாளே வகுப்புக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துப் பேசினார்.

"மீதிப் பாதிக்கு பாத்திரம் கழுவிக் குடுக்கேன், டீச்சர்."

"பாத்திரம் வித்தவருக்குக் கழுவத் தெரியுமா, அண்ணாச்சி?"

"வித்ததுல நட்டம். கழுவினா நட்டம் வராதுல்லா?"

கழுவியும் கொடுத்தார். தான் படித்ததை வீட்டில் மனைவி கோமுவுக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருமாகச் சின்ன ஓவன் ஒன்றை வைத்துத் தொழிலைத் தொடங்கினார்கள்.

அதற்கப்புறம் நாலு வருஷம் அந்த வீடு இருந்த இருப்பைத் தெருவே பார்த்தது. விடிந்ததும் மந்திரமூர்த்தி முட்டைக் கடைக்குப் போவார். ஓடு கீறின முட்டைகளை யாரும் வாங்க மாட்டார்கள். அவர் அதைத்தான் பாதி விலைக்குக் கேட்பார். கீறின முட்டை மறுநாளைக்குத் தாங்காது. வாங்கின அன்றைக்கே கோமு அத்தனையையும் உடைத்து அடித்து டீக்கடைகளுக்குக் கேக் போட்டுவிடுவாள். கேக்கை எடுத்த பிறகு ஓவனில் மிச்சமிருக்கிற சூட்டில் பச்சை நிலக்கடலையைத் தட்டில் பரப்பி உள்ளே தள்ளுவாள். அதுதான் பிள்ளைகளுக்குத் தின்பண்டம். ஒரு வேளைக் குழம்பு மூன்று வேளைக்கும் வரும். கேபிள் டிவியை நிறுத்திய அன்றைக்குப் பிள்ளைகள் அழுதார்கள். மறுநாள் பக்கத்து வீட்டு ஜன்னலில் இடம் பிடித்துவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை மதியம் மந்திரமூர்த்தி டீச்சர் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம், அக்குளில் ஒரு மஞ்சள் பை.

"முடிஞ்சிட்டு, டீச்சர்."

"என்ன முடிஞ்சிட்டு?"

"கடன். பேங்க்ல கடைசித் தவணையும் கட்டியாச்சு. பாக்கி இல்லைன்னு கடுதாசி குடுத்துட்டாங்க. பாருங்க."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கிப் படித்தார். முழுதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சந்தோஷம், அண்ணாச்சி."

"உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். தென்காசில ஒருத்தன் பேக்கரியை மூடுதான். ரெண்டு தட்டு பெரிய ஓவன். எழுபதாயிரம் சொன்னான். நாப்பதுக்கு இறக்கிட்டேன்."

"எத்தனை நாளா பேசுனீங்க?"

"பதினோரு நாள். கடைசி ரெண்டாயிரத்துக்கு மட்டும் மூணு நாள். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பணத்தோட வரச் சொல்லுதான்." பையைத் தட்டிக் காட்டினார். "நாப்பத்திரண்டு இருக்கு. யாருகிட்டயும் கைநீட்டி வாங்காத காசு. நாலு வருஷத்துல இதான் எனக்குன்னு நிக்கிற மொதக் காசு. வாங்கட்டுமா, வேண்டாமா?"

டீச்சர் பையைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"சொல்லுதேன். அதுக்கு முந்தி கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்திருதேன். அடுப்புல பால் குக்கர் இருக்கு. ஓவன்ல கேக் இருக்கு, இப்பத்தான் வச்சேன். நாப்பது நிமிஷத்துல எடுத்திருங்க."

"எனக்கே சொல்லித் தாரீங்களா? போயிட்டு வாங்க."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு போனார். மந்திரமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து.

கொஞ்ச நேரத்தில் பால் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

வாசலில் கேஸ்காரன் சிலிண்டரைத் தரையில் மோதிக் கத்தினான். போய்க் கதவைத் திறந்தார். பில்லுக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டான்.

"பில்லுல இல்லாத காசு எதுக்குய்யா?"

"தூக்கிட்டு வாரதுக்கு."

"தூக்காம உருட்டிட்டு வா. அம்பது ரூவா மிச்சம்."

"நீங்க டீச்சர் வீட்டுக்காரரா?"

"அவங்ககிட்ட படிச்சவன்."

"படிச்ச மாதிரி தெரியலையே."

கால் மணி நேரச் சண்டை. கடைசியில் இருபதுக்குப் படிந்தது. அவன் போவதற்குள் போன் அடித்தது. தென்காசிக்காரன். வேறொருவன் நாற்பத்தைந்துக்குக் கேட்கிறானாம்.

"கேக்கட்டும். கேட்டவன் காசோட நிக்கானா? நான் காசோட இருக்கேன்!"

வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டே பேசினார். விலை மறுபடியும் நாற்பதுக்கு வந்து நின்றது. சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பியபோது வாசனை வந்தது. ஓடினார். ஓவனைத் திறந்தார். புகை முகத்தில் அடித்தது. கேக் கரிக்கட்டையாக இருந்தது.

டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். மந்திரமூர்த்தி முந்திக்கொண்டார்.

"மணியே அடிக்கல, டீச்சர்! உங்க ஓவன்ல மணி ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. நான் மணி வைக்கல."

"மணி வைக்காம என்னைப் பாக்கச் சொன்னா எப்படி?"

"பாலைப் பாத்தீங்களா?"

"அது விசில் அடிச்சுது. அணைச்சிட்டேன்."

"கேஸ் வந்துட்டா?"

"அவன் ஊரைக் கூட்டுத மாதிரி கத்துனான். வாங்கி வச்சாச்சு. முப்பது ரூவா உங்களுக்கு லாபம்."

"கையில போன் இருக்கே, யாரு?"

"தென்காசிக்காரன். விடாம அடிச்சான்."

டீச்சர் தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, கடனை எந்த வரிசைல அடைச்சீங்க?"

இதைச் சொல்ல மந்திரமூர்த்திக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மொதல்ல வாரவட்டிக்காரன். தெருவுல நின்னு கோமு பேரைச் சொல்லிக் கத்துனான், டீச்சர். வயித்தைக் கட்டி ஆறு மாசத்துல அவன் வாயை அடைச்சேன்."

"அப்புறம்?"

"ஃபைனான்ஸ். வண்டியைத் தூக்க ஆள் அனுப்பினான். வண்டியை நானே வித்து அவனுக்குக் கட்டினேன்."

"அப்புறம்?"

"பாத்திரம் குடுத்த கம்பெனி. வக்கீல் நோட்டீஸ் விட்டான். கடைசியா பேங்க். போன்லயே தாளிச்சி எடுத்துட்டாங்க."

"அஞ்சாவது?"

"அஞ்சாவது ஏது? நாலுதான்."

டீச்சர் கருகின கேக்கைக் கத்தி முனையால் தட்டிலிருந்து பெயர்த்தார்.

"இது யாரு ஆர்டர்னு நீங்க கேக்கவே இல்லையே."

"யாரு?"

"ஆவுடையம்மாள்."

"எங்க அக்காவா?"

"ஆமா. அவங்க பொண்ணைப் போன வாரம் மாப்பிள்ளை வீட்டுல வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. தை மாசம் கல்யாணம் வச்சுக்கலாம்னு பேச்சு. தாய்மாமன்கிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு நாளைக்குக் காலைல உங்க வீட்டுக்கு வாராங்க. வெறுங்கையா வரக் கூடாதுன்னு இந்த கேக்."

மந்திரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது.

"கேக் போடுதவன் வீட்டுக்கு கேக்கா? என்னத்துக்கு?"

"உங்க வீட்டுல போடுதது எல்லாம் விக்கதுக்காம். பிள்ளைங்க வாயில ஒரு துண்டு வச்சதில்லையாம். அதான் அத்தை வாங்கிட்டு வாராங்க."

சிரிப்பு நின்றது.

"காசு குடுத்தாளா?"

"பேரம் பேசாம குடுத்தாங்க."

மந்திரமூர்த்தி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"செலவைக் குறைக்க ஆரம்பிச்சீங்கல்லா, மொதல்ல எதை நிறுத்துனீங்க?" என்றார் டீச்சர்.

"அக்காவுக்கு வருஷா வருஷம் குடுக்குற பொங்கல்படி."

"கோமு அக்காவோட தங்கச்சிக்கு தீபாவளிச் சேலை?"

"அதை நிறுத்த முடியுமா? அவ புருஷன் மூஞ்சிக்கு நேரா கேப்பாரு."

"ஆவுடையம்மா கேக்கலையோ?"

"அவ கேக்க மாட்டா, டீச்சர். சின்னதுலருந்தே அப்படித்தான்."

"அவங்ககிட்ட என்ன வாங்குனீங்க?"

"அது கடன் இல்ல. கூடப்பொறந்தவ குடுத்தது."

"என்ன குடுத்தாங்க?"

"சங்கிலி. மூணு பவுன். கடை முங்குத நேரத்துல, அடகு வச்சுக்கோன்னு கழத்திக் குடுத்தா."

"இப்ப எங்க இருக்கு?"

"வட்டி கட்ட முடியல. ஏலத்துல போயிட்டு. மூணு வருஷம் ஆச்சு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அவ ஒரு நாள்கூட கேக்கல."

"மாப்பிள்ளை வீட்டுல சங்கிலியைப் பத்தி கேட்டிருக்காங்க. 'அது என் தம்பிகிட்ட பத்திரமா இருக்கு'ன்னு சொல்லியிருக்காங்க உங்க அக்கா."

மந்திரமூர்த்தி எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"குடுத்துருதேன், டீச்சர். குடுக்காம இருக்கப் போறதில்ல. ஏலத்துல போனப்ப என்ன விலையோ அதைக் கணக்குப் பாத்து..."

"நீங்க வாங்குனது பவுனா, ரூபாயா?"

"பவுன்."

"பதினோரு நாள் பேசுனாலும் அது பவுன்தான்."

"இன்னைக்கு விக்கிற விலையில, இந்தப் பையில உள்ளது ஒரு பவுனுக்கே பத்தாது! பெரிய ஓவன் வந்தா ரெண்டு மடங்கு கேக் போடலாம். ஒரு வருஷத்துல மூணு பவுனையும் மொத்தமாத் தூக்கிக் குடுத்துருவேன்ல?"

"வாரவட்டிக்காரனுக்கு மொத்தமாவா கட்டுனீங்க?"

"தவணையில."

"அவன்கிட்ட ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னா பொறுத்திருப்பானா?"

"சட்டையைப் பிடிச்சிருப்பான்."

போன் அடித்தது. தென்காசிக்காரன். மந்திரமூர்த்தி போனைக் கையில் எடுத்தார். டீச்சர் எழுந்து போய் முட்டைத் தட்டை எடுத்துவந்தார். ஒரு முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினார். இன்னொன்றை உடைத்தார். போன் அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. மந்திரமூர்த்தி அதைத் திருப்பிக் கவிழ்த்து மேடையில் வைத்தார்.

"கேக்கை நான் போட்டுத் தரட்டுமா, டீச்சர்? என்னாலதான கருகுச்சு."

"இது என் செலவு. நானே போட்டுக்கிடுதேன்."

டீச்சர் சர்க்கரையை அளந்து போட்டு அடிக்கத் தொடங்கினார். மந்திரமூர்த்தி நின்றுகொண்டே இருந்தார்.

"பணம்கூட குடுத்துரலாம், டீச்சர். சங்கிலி ஏலத்துல போயிட்டுன்னு எந்த வாயால சொல்ல? நாளைக்கு அவ வந்து, கல்யாணத்துக்கு சங்கிலியைத் தா தம்பின்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்லட்டும்?"

டீச்சர் கையை நிறுத்தவில்லை.

"அவங்க நாளைக்கும் கேக்க மாட்டாங்க, அண்ணாச்சி. கல்யாணத்தன்னைக்கும் கேக்க மாட்டாங்க. நீங்க இன்னைக்கே போயி சொல்லுங்க."

மந்திரமூர்த்தி பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். பேருந்து நிலையத்துப் பக்கம் திரும்பாமல், அக்கா வீட்டுத் தெருவுக்குத் திரும்பினார்.

அவர் போய்விட்டார். நீ ஏன் இன்னும் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாய்? யார் வீடு என்று உனக்குத் தெரியும். எழுந்திரு. கையில் இருப்பதை எடுத்துக்கொள். போ, போய்க் கதவைத் தட்டு.