ஏழு காலிப் பெட்டியும் ஒரு சும்மாட்டுத் துணியும்

புகைவண்டி வந்துவிட்டது, ராசாக்கள் இன்னும் போகவில்லை. அப்படியொரு காலத்தில் மஞ்சனூரை உதாரபூபதி என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். காலையில் சொன்னதை மதியம் மறப்பார், மதியம் மறந்ததை மாலையில் சட்டமாக்குவார். அவருக்கு வாய்த்த ரயில் அதிகாரி விருதுராயர். ராசா தும்மினால்கூட நல்ல சகுனம் என்று சொல்லிச் சொல்லியே பதவிக்கு வந்த மனுஷர்.

மஞ்சனூரிலிருந்து வெள்ளாத்தூர்ச் சந்தைக்கு ஒரே ரயில். அதில் சனங்களுக்கு நாலே பெட்டி. ஊரோ நாலு பெட்டியில் அடங்குகிற ஊரா? உள்ளே மூச்சு விடுவதற்குக்கூட முறை வைத்துக்கொண்டார்கள். கீரைக்காரி காத்தாயி பத்து வருஷமாக அந்த ரயிலில் போகிறவள். ஓடி வந்து நிற்கிற ரயிலின் ஜன்னலுக்குள் துண்டை எறிந்து இடம் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கே பாதி நாள் இடம் கிடைக்காது. மூணு மணி நேரமும் நின்றுகொண்டுதான் போவாள்.

நெரிசல் பற்றிய புகார் அரண்மனைக்குப் போனது. விருதுராயர் முதலில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'இங்கு நெரிசல் இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். நெரிசல் எழுத்தைப் படிக்கவில்லை. அடுத்து, படியில் தொங்கினால் சவுக்கடி என்றார். சனங்கள் கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். கடைசியில் தண்டோரா போட்டார்: வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து கூடைக்காரிகள் ரயிலில் ஏறக்கூடாது.

இது காத்தாயியின் வயிற்றில் அடித்தது. வெள்ளாத்தூருக்கு நடந்து போனால் கீரை வாடிவிடும். வாடின கீரையை மாடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அவளைப் போல நாற்பது பெண்களுக்கு அந்தக் கூடைதான் சோறு. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏனென்றால் ஊருக்கே தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. ஸ்டேஷன் கொட்டகையில் ஏழு பெட்டிகள் சும்மா நின்றன. ராசா வேட்டைக்குப் போக ஒன்று, ராணியின் ஊஞ்சலுக்கு ஒன்று, விருதுராயருக்கு ஒன்று, அவர் மாமனாருக்கு ஒன்று, ராயருக்கு வாசிக்கவே தெரியாத அவருடைய வீணைக்கு ஒன்று, இப்படி. வருஷக்கணக்காக யாரும் ஏறவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரு பட்டுத் துண்டு மட்டும் கட்டியிருந்தது.

காத்தாயி தலைக் கூடையோடு நேரே அரசவைக்குப் போய் நின்றாள். கூடையை இறக்கு என்றான் காவலன். பதில் வாங்கின பிறகு இறக்குகிறேன் என்றாள். கூடைக்காரிகளுக்குப் போட்ட தடையை எடுக்கச் சொல்லி ராசாவிடம் கேட்டாள்.

ராசா அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "கூட்டம் குறைய வழி தெரிந்தால் சொல். புதுப் பெட்டி என்று மட்டும் கேட்காதே. கடல் தாண்டி வர இரண்டு வருஷமாகும் என்கிறார் ராயர்."

"புதுசு எதுக்கு மகாராசா? கொட்டகையில ஏழு பெட்டி காலியா நிக்குது. அதக் கோத்துவிடச் சொல்லுங்க, போதும்."

தனக்கு வருஷம் முழுக்கத் தோன்றாததை ஒரு கீரைக்காரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளே என்று விருதுராயருக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. "காலியா? பட்டுத் துண்டு கட்டியிருப்பது தெரியவில்லையா? உங்கள் சனங்களே துண்டு போட்டுத்தானே இடம் பிடிக்கிறீர்கள்! ஆள் இல்லாவிட்டாலும், துண்டு போட்ட இடம் போட்டவருக்கே சொந்தம், மன்னா."

ராசா தொடையைத் தட்டினார். "பலே. இன்று முதல் இதுவே நாட்டின் சட்டம்."

"பட்டுத் துண்டுக்கு மட்டுமா மகாராசா, பருத்தித் துண்டுக்குமா?"

"எல்லாத் துண்டுக்கும், எல்லா இடத்துக்கும். போய் வா."

காத்தாயி போகவில்லை. அந்நேரம் கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. மணி கேட்டதும் ராசா எழுந்து, சாளரத்தண்டை போய்க் கோயில் திசையைக் கும்பிடுவது வழக்கம். அவர் எழுந்தார். காத்தாயி கூடையை இறக்கினாள். கூடைக்கு அடியில் தலைமேல் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறி, ஒரே எறி. பத்து வருஷம் பழகின கை தப்புமா? ஈரத் துணி சபையோர் தலைக்குமேல் பறந்துபோய் சிம்மாசனத்தின் நடுவில் விழுந்தது.

ராசா திரும்பினார். சபை நடுங்கியது. காவலர்கள் வாளை உருவினார்கள். காத்தாயி குரல் உதறாமல் சொன்னாள்.

"நான் உக்காரல மகாராசா. துண்டுதான் உக்காந்திருக்கு. சட்டம் நீங்க சொன்னது."

"இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறார்களே" என்று கத்தினார் விருதுராயர்.

"இடத்தையே குடுக்கலையே சாமி. மடத்துக்கு எங்க போறது?"

சபை முழுக்கக் கேட்க ராசாவே சொன்ன சட்டம் அது. "துண்டை எப்போது எடுப்பாய்?" என்று கேட்டார்.

"அந்த ஏழு துண்டையும் எடுத்து, பதினொரு பெட்டியோட ரயில் உங்க அரண்மனையத் தாண்டினதும் எடுத்துக்கறேன்."

ஏழு பெட்டிகளையும் கோக்க ஆள் ஓடினான். ராசா நின்றார். ராசா நின்றால் சபையில் ஒருவரும் உட்காரக்கூடாது, எல்லாரும் நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் ராசா காலை மாற்றிக்கொண்டார். இரண்டாவது மணியில் தூணைப் பிடித்துக்கொண்டார். மூட்டுவலிக்கார விருதுராயர் சுவரோடு ஒட்டிக்கொண்டு முனகினார். மூன்றாவது மணியில் ரயில் ஊதியது. ராசா சாளரத்தில் நின்று பெட்டிகளை வாய்விட்டு எண்ணினார். பதினொன்று. காத்தாயி சிம்மாசனத்திலிருந்து தன் துணியை எடுத்துக்கொண்டாள்.

"ரயிலில் இவ்வளவு நேரமா நிற்கிறாய்?" என்றார் மெதுவாக.

"ஆமா மகாராசா, பாதி நாளு மூணு மணி நேரமும். தலையில கூடையோட."

ராசா வெட்கப்பட்டார், வெட்கப்படத் தெரிந்த ராசாதான் அவர். கூடைக்காரிகளைத் தடுக்கும் உத்தரவைத் தன் கையாலேயே கிழித்தார். ஏழு பட்டுத் துண்டுகளையும் காத்தாயிக்கே பரிசாகக் கொடுத்தார். விருதுராயர் மூன்று மாதம் அதே ரயிலில், கையில் துண்டே இல்லாமல் போய்வர வேண்டும் என்று தீர்ப்பானது.

வெள்ளிக்கிழமை விருதுராயர் ரயில் ஏறினார். பதினொரு பெட்டியிலும் துண்டு விழுந்திருந்தது. அவர் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்த காத்தாயி, பக்கத்தில் போட்டிருந்த பட்டுத் துணிச் சும்மாட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள்.

"உக்காருங்க சாமி. இடம் மட்டுந்தான். மடத்தக் கேக்காதீங்க."