நம்பாத ஜோடி

பியூலா மாஸ்டர்கிட்ட டைவிங் கத்துக்க வந்தவங்கள்ல அறவாழி சார் மாஸ்டரவிட வயசுல ரொம்பப் பெரியவர். அதனால மாஸ்டர் அவர சார்ம்பாங்க, அவர் இவங்கள மாஸ்டர்ம்பார். இன்சூரன்ஸ் கம்பெனியில க்ளெய்ம் சரிபாக்குற வேலை அவருக்கு. சந்தேகப்படுறதுக்குத்தான் சம்பளம்.

ஃப்ளோரிடாவுல ஒரு ஆறு. பூமிக்கு அடியிலேருந்து ஊத்தாப் பொங்கி வர்ற தண்ணி. அப்படி ஒரு தெளிவு! மேல நின்னு பாத்தா அடியில கெடக்குற இலையோட நரம்புகூடத் தெரியும். அந்த ஆத்துல முங்கி, கை கால் அடிக்காம, தண்ணி தள்ளுற போக்குலயே போகணும். ட்ரிஃப்ட் டைவ்னு பேரு. திரும்பி வர்ற கதையே கிடையாது. மேல இறங்குனா கீழதான் ஏறணும்.

அன்னைக்கு மாஸ்டர் எல்லாரையும் முதல்ல ஏறுற இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க.

"இறங்குற எடம் எங்க மாஸ்டர்?"ன்னார் கதிரேசன். அவரும் அவர் வீட்டம்மா வள்ளிக்கண்ணுவும் சேந்து கத்துக்க வந்தவங்க.

"இறங்குறதுக்கு என்னண்ணே, எங்க வேணா இறங்கலாம். இதப் பாத்து வச்சுக்கோங்க."

ஒரு மரப்படி. பக்கத்துல தண்ணிக்குள்ள சாஞ்ச மரம். அத விட்டுட்டா ஆறு வளைஞ்சு போயி, மோட்டார் படகு பறக்குற பெரிய ஆத்துல கலந்துரும். எல்லாரையும் தண்ணியில முகத்த விட்டு, உள்ளேருந்து பாத்தா அந்த மரம் எப்படித் தெரியுதுன்னு பாக்க வச்சாங்க. ஒரு கார அங்கயே விட்டுட்டு, மேல போயி உக்காந்து திட்டம் போட்டாங்க.

"ஜோடிக்கு ஒரு மிதவை, அதுல கொடி. கயித்த ஒருத்தர் கையில பிடிச்சுக்கணும், உடம்புல கட்டக்கூடாது. நான் சின்னப் படகுல பின்னாலயே வருவேன். அண்ணனும் அக்காவும் ஒரு ஜோடி. அறவாழி சாரும் சடகோபன் சாரும் ஒரு ஜோடி."

அறவாழி சார் முகம் இருண்டுருச்சு. மாஸ்டரத் தனியாக் கூப்பிட்டார்.

"அந்தாளுகூடவா?"

"ஏன் சார்?"

"போன தடவ குவாரித் தண்ணியில என்ன பண்ணார்? அந்தக் கலங்கல்ல என்னைய விட்டுட்டு அவர் பாட்டுக்கு மேல போயிட்டார். நான் ஒத்தையில தடவிக்கிட்டுக் கெடக்கேன்."

"நீங்கதான் விட்டுட்டுப் போனீங்கன்னு அவர் சொல்றாரே."

"சொல்லுவார். வண்டிய இடிச்சவன்தான் முதல்ல புகார் குடுப்பான். டெய்லி பாக்குறேன் நான்."

மாஸ்டர் சிரிக்கல.

"வேற ஜோடி போடுங்க. இல்லேன்னா நான் வரல."

சொல்லிட்டாரே ஒழிய, வராம இருக்கவும் முடியாது. குவாரிக்கு அப்புறம் குளிக்கையில தலைக்கு ஊத்துனாக்கூட அவருக்கு மூச்சு முட்டுது. இன்னைக்கு இறங்கலேன்னா இனிமே எந்தத் தண்ணியிலயும் இறங்க மாட்டோம்னு அவருக்கே தெரியும்.

"அவர நான் எப்படி மாஸ்டர் நம்புறது?"

"நம்ப வேணாம் சார்."

"என்னது?"

"நம்பச் சொல்லவே இல்லையே. கை நீட்டுனா எட்டுற தூரத்துல இருங்க. அவர் மேலேருந்து கண்ண எடுக்காதீங்க."

திரும்பி வந்து, "அண்ணே, கை எட்டுற தூரத்துலயே இருங்க, அக்கா மேலேருந்து கண்ண எடுக்காதீங்க"ன்னாங்க மாஸ்டர்.

கதிரேசன் சிரிச்சார். "எங்களுக்கு எதுக்கு மாஸ்டர்? இத்தன வருஷத்துல என்னைய விட்டு இவ எங்க போயிட்டா?"

"போக்கிடம் இருந்தா போயிருக்க மாட்டனாக்கும்"னாங்க வள்ளிக்கண்ணு.

இறங்குறதுக்கு முன்னாடியே தகராறு.

"கயிறு என் கையில இருக்கட்டும்"னார் அறவாழி சார்.

"கொடிய எடுத்துண்டு நீங்க ஓடிட்டா?"ன்னார் சடகோபன்.

"ஓடுறவர் யாருன்னு குவாரியக் கேளுங்க."

"கேட்டேனே. உங்க பேரத்தான் சொல்லித்து."

கடைசியில கயிறு அறவாழி சார் கைக்கே போச்சு. முங்குனாங்க. அறவாழி சார் மீனப் பாக்கல, ஆமையப் பாக்கல. சடகோபனையே பாத்துக்கிட்டுப் போனார். 'டேங்க்ல காத்து இருக்கு'ன்னு அவர் கையக் காமிச்சா நம்பாம, அவர் மீட்டரையே இழுத்துப் பாத்தார். சடகோபன் மட்டும் சும்மாவா? அவரும் இவர் மீட்டர இழுத்துப் பாத்தார். மேல படகுலேருந்து பாக்க, ரெண்டு போலீஸ்காரங்க ஒருத்தர ஒருத்தர் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போற மாதிரியே இருந்துச்சு!

பாதி தூரத்துல அறவாழி சார முதுகுல யாரோ பிடிச்சு இழுத்தாங்க.

முங்கிக் கெடந்த மரம். அவர் முதுகுப் பட்டை கிளையில மாட்டிக்கிச்சு. தண்ணி தள்ளுது, மரம் விடல. குவாரி கண்ணுக்கு முன்னால வந்துருச்சு. மூச்சு தாறுமாறாப் போச்சு. கையப் பின்னால கொண்டு போனார். அங்க ஏற்கனவே ஒரு கை இருந்துச்சு.

'இவன்தான் பிடிச்சு இழுக்கிறானா!'

திரும்பிப் பாத்தார். சடகோபன் ஒரு கையால மரத்தப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பட்டையக் கழட்டிக்கிட்டு இருந்தார். கழண்டுச்சு. ரெண்டு பேரும் மறுபடி ஒருத்தர ஒருத்தர் முறைச்சுக்கிட்டே போனாங்க. சாஞ்ச மரம் தெரிஞ்சதும் சேந்தே ஏறுனாங்க.

கொஞ்ச நேரத்துல கொடியோட கதிரேசன் ஏறுனார். தனியா.

"வள்ளி எங்க?"

ஏறியிருந்தது இவங்க ரெண்டு பேர் மட்டும்தான். மனுஷன் முகம் வெளுத்துப் போச்சு. "வள்ளி! ஏ வள்ளி!"

மாஸ்டரோட படகும் அங்க இல்ல. தண்ணியில குமிழி வர்றதப் பாத்துக்கிட்டே அது வளைவத் தாண்டிப் போயிருந்துச்சு. சாஞ்ச மரத்தத் தவற விட்டுட்டுப் போன வள்ளிக்கண்ணுவ, பெரிய ஆறு தொடங்குற இடத்துல எட்டிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க மாஸ்டர்.  கரையில கால் வச்சதும் அந்தம்மா புருஷனப் பிடிபிடின்னு பிடிச்சாங்க.

"எங்க போனீங்க? பின்னாலதான வர்றீங்கன்னு நெனச்சேன்!"

"ஓரத்துல ஒரு ஆமை... நீ முன்னாலதான இருப்பேன்னு நெனச்சேன்டி. தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கு, நீ எங்க போயிடப் போறேன்னு..."

கொடியக் கீழ போட்டுட்டு அவங்க கையப் பிடிச்சுக்கிட்டார்.

சாமான வண்டியில ஏத்தும்போது அறவாழி சார் மெதுவா மாஸ்டர்கிட்ட வந்தார்.

"மாஸ்டர், எனக்கு ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"நான் மாட்டுன உடனே அவர் கை அங்க இருக்கு. நான் கூப்பிடக்கூட இல்ல. அவ்வளவு பக்கத்துல அந்தாளுக்கு என்ன வேலை?"

மாஸ்டர் ஒரு டேங்கத் தூக்கி உள்ள வச்சாங்க.

"காலையில உங்களுக்கு முன்னாடியே அவர் எங்கிட்ட வந்தார் சார். இந்தத் தடவ வேற ஜோடி போடச் சொல்லி. உங்களுக்குச் சொன்னதத்தான் அவருக்கும் சொன்னேன்."

அறவாழி சார் திரும்பிப் பாத்தார். அங்க சடகோபன் துண்டால தலையத் துவட்டிக்கிட்டே இவரத்தான் பாத்துக்கிட்டு இருந்தார்.

தானும் ஒரு டேங்கத் தூக்கிக் குடுத்துக்கிட்டே கேட்டார்: "அடுத்த தடவையும் அவர்கூடவே போடுறீங்களா மாஸ்டர்?"

"ஏன் சார், நம்பிக்கை வந்துருச்சா?"

"சேச்சே. சுத்தமா இல்ல."

"அப்படின்னா போடுறேன்"னாங்க மாஸ்டர்.